சனிக்கிழமைக்குள் ஒரு அப்டேட்

நீண்ட காலம் இயக்காமல் கிடந்த இயந்திரம் எதையும் மீண்டும் இயக்குவதற்கு முன், தகுதியுள்ள அலுவலர் ஒருவர் அதைப் பரிசோதித்து, இயக்கத் தக்கது என்று எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். அதுவரை வேறு எவரும் அதில் கைவைக்கலாகாது. துறைமுகக் களஞ்சியத்தில் நான் உத்தியோகம் பார்த்த காலம் முழுக்க இந்த விதி பாரந்தூக்கிக்குப் பொருந்தியது, தண்ணீர்ப் பம்புக்குப் பொருந்தியது, மேலதிகாரியின் மேசை விசிறிக்கும் பொருந்தியது. எங்கள் வீட்டுக் கணினிக்கும் பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தாமல் போனதற்குக் காரணம், தகுதியுள்ள அலுவலர் நான்தான் என்பதை அங்கே இருந்த மற்ற இருவரும் ஏற்றுக்கொள்ளாததுதான்.

அந்த இருவரில் ஒருவர் என் மனைவி. மற்றவர் அவளுடைய தமையன், எனக்கு மச்சான். இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். உப தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்னேரத் தேத்தண்ணியை எங்கள் வீட்டில் குடிப்பது என்று எப்போதோ முடிவெடுத்தவர்.

கணினி நான் ஓய்வு பெற்ற வருடம் வாங்கியது. கொஞ்சக் காலம் எல்லோரும் பாவித்தோம். பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. மனைவி பழைய யன்னல் சீலையில் கணினிக்கு ஓர் உறை தைத்துப் போட்டாள். உறைக்கு மேல் பிளாஸ்டிக் பூக்கள் வைத்த சாடி ஒன்று வந்தது. அதன் பிறகு அது சாடி வைக்கும் மேடையாகவே பல வருடம் சேவையாற்றியது. ஆனாலும் பொருட்பதிவிலிருந்து அதை நான் நீக்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மி வரைக்கும் எல்லாவற்றுக்கும் இலக்கம் உண்டு. கணினித் திரைக்கும் இலக்கத் துண்டு ஒட்டியிருந்தேன். சட்டம் ஒடுக்கமாக இருந்தபடியால் துண்டு வலப்பக்கக் கீழ் மூலையில் கண்ணாடியிலும் கொஞ்சம் ஏறியிருந்தது. அதைப் பற்றி அப்போது யாரும் முறைப்பாடு செய்யவில்லை.

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. மனைவி போனும் கையுமாக முன்னறைக்கு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, சோதினையைப் போனிலை செய்ய ஏலாதாம். கொம்பியூட்டர்தான் வேணுமாம்."

சோதினை என்பது கேக் சோடிக்கும் வகுப்பின் இறுதிப் பரீட்சை. கொழும்பில் இருக்கும் ஓர் ஆசிரியை இணையத்தில் நடத்தும் வகுப்பு. மனைவி மாதக்கணக்காகப் போனைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்துப் படித்தாள். குசினியில் எந்தப் பாத்திரத்தைத் திறந்தாலும் உள்ளே ஐசிங் இருந்த காலம் அது. ஒருமுறை சொதி என்று நினைத்து இடியப்பத்துக்கு ஊற்றியிருக்கிறேன். இறுதிப் பரீட்சையில், பரீட்சகர் கமெராவால் பார்த்துக்கொண்டிருக்க, சீனிப் பசையில் ரோசாப்பூக்கள் செய்து கேக்கில் ஏற்ற வேண்டும். நாள், வருகிற சனிக்கிழமை காலை.

சித்தியடைந்தால் ஒரு சான்றிதழ் வரும். அந்தச் சான்றிதழில் ஒரு கலியாணக் கேக் தொங்கிக்கொண்டிருந்தது. முன்வீட்டு மகளுக்கு ஆவணிக் கடைசியில் கலியாணம். மூன்று தட்டுக் கேக். "ரீச்சரம்மா, சேர்ட்டிபிக்கற் வரட்டும், உங்களுக்குத்தான் தருவன்" என்று பெண்ணின் தாய் வேலிக்கு மேலால் சொல்லியிருந்தார். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். ஓய்வு பெற்ற பிறகு முதல்முறையாக ஒருவர் அவளிடம் ஒரு வேலையைத் தரலாம் என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அவள் குசினியில் பாட்டு முணுமுணுத்தாள். அப்படி நான் கேட்டதே இல்லை.

ஆகவே சாடி இறக்கப்பட்டது. உறை கழன்றது. எங்கள் பக்கம் உப்புக் காற்று. பின்பக்கத்து ஆணிகள் எல்லாம் துருப்பிடித்து ஒரே நிறமாயிருந்தன. அந்த நேரம் பார்த்து மச்சான் தேத்தண்ணிக்கு வந்தார்.

"ஆடியிலையோ?" என்று கேட்டார். "ஆடியிலை ஆரும் ஒரு புதுச் செருப்புக் கூடப் போடுறேல்லை. நீர் கொம்பியூட்டர் துவக்கப்போறீர்."

"மச்சான், இது புதுசில்லை. பழசைத் திருப்பிப் போடுறன்."

"இண்டைக்குச் செவ்வாய் வேறை. ராகு காலம் இன்னும் முடியேல்லை."

"ராகு காலத்திலை தேத்தண்ணி குடிக்கலாமோ?"

"அது தொடர்ந்து நடக்கிற அலுவல்" என்றார் மச்சான்.

"அண்ணை, சோதினை சனிக்கிழமை" என்றாள் மனைவி. "ஆவணியிலை வையுங்கோ எண்டு அந்த ரீச்சருக்கு ஆர் சொல்லுறது?"

மச்சான் பேசாமல் கணினிக்கு முன்னால் இருந்த கதிரையில் அமர்ந்தார். பேசாமல் இருப்பவர்களைக் கவனிக்க வேண்டும் என்பது உத்தியோகத்தில் நான் கற்றது; அன்றைக்கு மறந்துவிட்டேன். மின்சாரத்தைப் போட்டுவிட்டு, கைநூலை எடுக்க அலுமாரிக்குப் போனேன். கைநூல் அதற்குரிய கோப்பில் இருந்தது. ஆனால் கோப்பு அதற்குரிய இடத்தில் இல்லை. திரும்பி வரும்போது திரை வெளிச்சமாக இருந்தது. மச்சானின் முகமும் வெளிச்சமாக இருந்தது.

"தானா வந்ததோ?"

"ஒரு கேள்வி கேட்டுது. மறுமொழி சொன்னன். வந்திட்டுது."

என்ன கேள்வி என்று நான் விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை. வேலை தொடங்கிவிட்ட மகிழ்ச்சி.

பரீட்சைக்குரிய மென்பொருளைப் போட்டோம். இயங்குதளம் பழசு, முதலில் அப்டேட் செய்யவும் என்றது. அப்டேட்டை அமத்தினேன். வட்டம் ஒன்று சுழன்றது. சுழன்று முடிய, "ஏதோ பிழை நேர்ந்துவிட்டது" என்று திரையில் வந்தது. அரச சேவையில் இருந்தவன் என்ற முறையில் அந்த வசனத்தை நான் மதிக்கிறேன். பிழை நேர்ந்திருக்கிறது, நேர்வித்தவர் யாரும் இல்லை. விசாரணைக் குழுவுக்கு இடமே இல்லாத வசனம். எங்கள் திணைக்களத்தில் இப்படி எழுத ஒருவர் இருந்திருந்தால் பல பேருடைய இடமாற்றம் தவிர்க்கப்பட்டிருக்கும்.

கைநூலைப் பார்த்தேன். முதல் காரணம் இடமின்மையாக இருக்கலாம் என்றிருந்தது. பார்த்தால் உண்மைதான், கணினி நிறைந்துபோய் இருந்தது. நிறைத்தவர் மச்சான். நாங்கள் கணினி பாவித்த காலத்தில், துறைமுகத்துக்குள் வந்த கப்பலையெல்லாம் தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து படம் எடுத்து எங்கள் கணினியில் சேர்த்து வைத்திருக்கிறார். கோதுமைக் கப்பல், சீமெந்துக் கப்பல், பிறகும் கோதுமைக் கப்பல்.

பொருட்களைக் கழித்தொதுக்க ஒரு தனி அலுவலர் தீர்மானிக்க முடியாது. மூன்று பேர் கொண்ட சபை வேண்டும். புதன்கிழமை காலை சபை கூடியது. நான் தலைவர். மற்ற இருவரும் உறுப்பினர்கள்.

"இது கோதுமைக் கப்பல். அழிக்கலாம்" என்றேன்.

"அது வேறை கோதுமைக் கப்பல்."

"மச்சான், முதல் பார்த்ததும் இதே சிவப்புத்தான்."

"அது வரேக்கை எடுத்தது. இது போகேக்கை எடுத்தது. வடிவாப் பாரும், பாரம் இறக்கினாப் பிறகு கப்பல் உயர்ந்து நிக்குது."

மனைவி உள்ளங்கையில் சீனிப் பசையை உருட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் ஆகியும் நாங்கள் முதல் வருடத்தைத் தாண்டவில்லை. அவள் எழுந்து வந்து, முழங்கையால் கணினி எலியை நகர்த்தி, எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிவு செய்து, மச்சானின் போனுக்குள் மாற்றிவிட்டாள். சபையின் தீர்மானம் பிறகு எழுதப்பட்டது.

இடம் வந்தது. அப்டேட்டை அமத்தினோம். "பாதுகாப்பான தொடர்பை ஏற்படுத்த முடியவில்லை."

கைநூலில் சொன்ன எல்லாவற்றையும் வரிசைப்படி செய்தேன். இணையப் பெட்டியை நிறுத்திப் போட்டேன். பிழை கண்டுபிடிக்கும் மென்பொருளை ஓடவிட்டேன். அது வெகுநேரம் தேடிவிட்டு, பிழை எதையும் தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது. தற்காலிகக் கோப்புகளை அழித்தேன். ஒவ்வொரு முறையும் வட்டம் சுழன்றது. ஒவ்வொரு முறையும் அதே வசனம் வந்தது. வாசலால் போன மான் ஒன்று நின்று எட்டிப் பார்த்துவிட்டு, மதிலில் காயவைத்த பயிற்சிப் பூக்களில் இரண்டைத் தின்றுவிட்டுப் போனது. எங்கள் ஊரில் மான்கள் மாடுகளைப்போல் தெருவில் திரியும், எதையும் தின்னும்.

"பூ நல்லாயிருக்காம்" என்றார் மச்சான்.

மனைவி சிரிக்கவில்லை. பூக்கள் எப்படியும் அந்த மதிலில் காயப்போவதில்லை. கடற்காற்றில் சீனிப் பசை இறுகாது. மீந்த பூக்களைக் கொண்டுவந்து கணினிப் பெட்டியின் மேல் அடுக்கினாள். அங்கே சூடு வந்துகொண்டிருந்தது. வந்த நாள் முதல் அந்தக் கணினி செய்த உருப்படியான வேலை அதுதான்.

நான் மென்பொருள் கம்பனிக்கு மின்னஞ்சல் எழுதினேன். பொருள், பின்னணி, எடுத்த நடவடிக்கைகள், வேண்டுகோள் என்ற ஒழுங்கில். உடனே ஒரு பதில் வந்தது, உங்கள் கடிதம் எங்களுக்கு முக்கியமானது என்று. அது கிடைத்ததற்கான அத்தாட்சி மட்டுமே, பதில் ஆகாது. ஆனால் அத்தாட்சி கிடைத்தபின் ஒரு விடயம் கடிதத் தொடர்பில் இருக்கிறது என்று பொருள். கடிதத் தொடர்பில் இருக்கும் விடயத்தில் இடையில் கைவைப்பது முறையல்ல. இதை மனைவிக்கு விளக்கினேன்.

"அப்ப சனிக்கிழமை?"

"நினைவூட்டல் அனுப்பலாம்."

வியாழன் காலை முதலாம் நினைவூட்டல் போனது. மாலை இரண்டாம் நினைவூட்டல் போனது. அத்துடன், ஒரு முன்னேற்பாடாக, கொழும்பு ஆசிரியைக்கும் எழுதினேன்: தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால் மேற்படி பரீட்சார்த்தியின் பரீட்சையைப் பொருத்தமான வேறொரு நாளுக்கு ஒத்திவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பிரதி, பரீட்சார்த்திக்கு.

பரீட்சார்த்தியின் போன் குசினியில் சத்தமிட்டது. சிறிது நேரத்தில் பரீட்சார்த்தி ஐசிங் பூசிய கரண்டியுடன் வந்தாள்.

"ஆரைக் கேட்டு எழுதினனீங்கள்?"

"முன்னேற்பாடு."

"மாசக்கணக்கா நான் இதுக்குத்தானே நிண்டனான். பின்போட்டா அடுத்த வகுப்போடைதான் சோதினை. அது தை மாசம். முன்வீட்டுப் பிள்ளைக்குத் தையிலை கலியாணமோ?"

"சரி, திருப்பி எடுப்பம்."

"இப்ப எடுங்கோ."

"ஒரு விண்ணப்பத்துக்கு மறுமொழி வர முதல் அதை மீளப் பெற ஏலாது. எதை மீளப் பெறுறம் எண்டு இலக்கம் குறிப்பிட வேணும். இலக்கம் அவையள்தான் தருவினம்."

கரண்டியிலிருந்து ஒரு துளி நிலத்தில் விழுந்தது. அவள் அதையும் என்னையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். குசினியில் பாட்டுச் சத்தம் நின்றுபோயிருந்தது. அன்று இராச்சாப்பாட்டுக்குப் பாணும், தொட்டுக்கொள்ள முதல்நாள் பருப்பும்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஈரத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு கணினிக்கு முன்னால் அமர்ந்தாள். கமெராவில் தன் கைகள் தெரிகின்றனவா என்று பார்த்தாள். திரையில் விரல் அடையாளங்கள், துடைத்தாள். மூலையில் இருந்த என் இலக்கத் துண்டில் துணி இடறியது. ஐசிங் வழிக்கும் கத்தியால் அதைச் சுரண்டினாள். அரச முறைப்படி ஒட்டிய துண்டு, இலகுவில் வராது. ஆனாலும் வந்தது.

"இஞ்சை வாங்கோ."

போனேன்.

"இண்டைக்கு என்ன திகதி?"

சொன்னேன்.

"இதிலை என்ன திகதி?"

துண்டு இருந்த இடத்தில் நேரமும் அதற்குக் கீழே திகதியும் சிறிய எழுத்தில் இருந்தன. நேரம் சரியாக இருந்தது. திகதி, தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. வருடம், பல வருடங்களுக்கு முன். அந்த நாளில் எங்கள் கணினி இன்னும் எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டிருக்கவில்லை. பிறக்காத பிள்ளை நான்கு நாளாகக் கம்பனி வாசலில் நின்று, என்னைப் புதுப்பியுங்கள் என்று கேட்டிருக்கிறது. கம்பனி கதவைத் திறக்காததில் ஒரு பிழையும் இல்லை.

மனைவி மச்சானுக்குப் போன் எடுத்தாள். அவர் தேத்தண்ணி நேரத்துக்கு முதலே வந்தார்.

"அண்ணை, அண்டைக்கு இது என்ன கேட்டது?"

"திகதி கேட்டது. உள்ளுக்கு இருக்கிற பற்றரி செத்துப்போச்சாம், திகதி சொல்லட்டாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

மச்சான் கதிரையின் கையைத் தடவினார். "ஆடிச் செவ்வாய் எண்டு அதுக்கு எப்பிடிச் சொல்லுறது. ஒரு நல்ல நாளாச் சொன்னன்."

"எந்த நல்ல நாள்?"

"நான் மோட்டச்சைக்கிள் எடுத்த நாள். அமிர்த யோகம். அண்டைக்கு எடுத்தது இன்னும் ஒரு உதையிலை ஸ்ராட் வருது. விட்டால் சீனன்குடா வரைக்கும் நிக்காமல் போகும்."

"சேவைக்காலம் முழுக்க விடியக்காலமை முத்திரையிலை திகதி மாத்தின மனிசன்" என்றேன். "ஒரு கடிதத்திலை பிழையான திகதி விழுந்தா என்ன செய்வீர்?"

"அது அரசாங்க முத்திரை. இது வீட்டுச் சாமான்" என்றார் மச்சான். "அதோடை, ஒரு திகதியை மறைச்சு ஒட்டுத்துண்டு ஒட்டினது ஆர்?"

நான் சுரண்டுப்பட்ட இலக்கத் துண்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

மனைவி எங்கள் இருவரையும் எழுந்து நிற்கச் சொன்னாள். திகதியைத் தானே மாற்றினாள். அப்டேட்டை அமத்தினாள். வட்டம் சுழன்றது, நின்றது, கீழே ஒரு பச்சைக் கோடு முளைத்து ஊர்ந்தது. அணைக்க வேண்டாம் என்று திரை சொன்னது. மச்சான் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் மின்சார ஆளிக்குப் பக்கத்தில் போட்டு அமர்ந்தார். அதைத் தொட வருகிறவரைத் தடுப்பது தன் பொறுப்பு என்றார். தொட வரக்கூடியவர் அங்கே அவர் மட்டும்தான் என்பதை நான் சொல்லவில்லை. பெட்டியின் மேல் ரோசாப்பூக்கள் இறுகிக்கொண்டிருந்தன. சாப்பாட்டு நேரத்துக்குள் பச்சைக் கோடு முடிந்தது. பிறகு இன்னொன்று தொடங்கியது. விளக்கு வைக்கிற நேரம் பரீட்சை மென்பொருள் திறந்துகொண்டது.

சனிக்கிழமை பரீட்சை நடந்தது. பரீட்சகர் திரையில் முகம் காட்டினார். கண்ணாடி போட்ட, கண்டிப்பான முகம். மனைவி இதழ் இதழாக எடுத்துச் சுற்றினாள். மச்சானும் நானும் கமெராவில் விழாமல் சுவரோடு நின்றோம். மூன்றாவது பூவில் திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்தது: கணினி சற்று நேரத்தில் தன்னை மூடித் திறக்கும். நான் நிபந்தனைகளை வாசிக்கத் தொடங்கினேன். மனைவி கையை எடுக்காமல், இதழையும் விடாமல், முழங்கையால் "பிறகு" என்பதை அமத்தினாள். பரீட்சகர் தலையாட்டினார். அது பூவுக்கா முழங்கைக்கா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் வகுப்பின் போன் குழுவில் முடிவுகள் வந்தன. மனைவியின் பெயர் இல்லை. அவள் ஆசிரியைக்குப் போன் எடுத்தாள். ஆசிரியை மிகவும் இனிமையாகச் சொன்னாராம்: பின்போடும்படி விண்ணப்பம் வந்தது, மிக நல்ல முறையில் எழுதியிருந்தது, அலுவலகத்தில் எல்லோரும் வாசித்தார்கள், உடனே ஏற்றுக்கொண்டு பெயரைத் தை மாதத்துக்கு மாற்றிவிட்டார்கள். சனிக்கிழமை செய்ததைப் பயிற்சியாகத்தான் எடுத்திருக்கிறார்கள். மாற்றுவதானால் எழுத்தில் தர வேண்டும். பரிசீலித்துப் பதில் அனுப்புவார்கள்.

அன்றிலிருந்து என் தேத்தண்ணியில் சீனி இல்லை. எனக்குச் சீனி வருத்தம் எதுவும் இல்லை; வைத்தியரும் தடுக்கவில்லை. வீட்டில் சீனி மூட்டையாக இருந்தது. முன்வீட்டு அம்மா வேலிக்கு மேலால், "சேர்ட்டிபிக்கற் வந்திட்டுதோ, ரீச்சரம்மா?" என்று கேட்கும்போதெல்லாம் மனைவி, "இவரைக் கேளுங்கோ" என்றாள். நான் கோப்பு ஒன்றைத் தேடி உள்ளே போனேன்.

மீளப் பெறும் கடிதத்தை நான் முறைப்படி எழுதினேன். முந்தைய கடிதத்தின் இலக்கம், திகதி, பந்தி. மனைவி வாசித்துவிட்டு அழித்தாள். தானே இரண்டு வசனம் எழுதினாள்: என் கணவர் எழுதியதை விட்டுவிடுங்கள், சனிக்கிழமை நான் செய்த பூக்களைப் பாருங்கள். வணக்கம்கூட இல்லை. இப்படி எழுதினால் யாரும் பதில் போட மாட்டார்கள் என்றேன். அனுப்பிவிட்டாள்.

ஆடி முடிந்தது. முன்வீட்டில் பந்தல்காரன் வந்து அளந்துவிட்டுப் போனான். கேக்குக்கு வேறு இடத்தில் விசாரிக்கிறார்கள் என்று மச்சான் செய்தி கொண்டுவந்தார். இறக்கக்கண்டியில் ஒருவர் நல்லாகச் செய்வாராம். மனைவி அதைக் கேட்டுக்கொண்டு, முந்திரிகைப்பழ வற்றலை எண்ணெய்த்தாளில் பரப்பி, காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள். கேக்குக்கு வற்றலை முன்கூட்டியே ஊறப்போட வேண்டும். ஊறப்போடுவதா விடுவதா என்று அவள் முடிவெடுக்கவில்லை. பொறுக்கின காம்பையே திரும்பவும் பொறுக்கினாள். நான் பக்கத்தில் அமர்ந்து கொஞ்சம் பொறுக்கினேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மென்பொருள் கம்பனி என் மூன்று கடிதங்களுக்கும் இன்றுவரை எதுவும் எழுதவில்லை. பதில் வந்தது கொழும்பு ஆசிரியையிடமிருந்துதான். மனைவியின் போன் குசினியில் சத்தமிட்டது. கை முழுக்க மா. என்னை வாசிக்கச் சொன்னாள். பரீட்சையில் சித்தி. பூக்கள் மிக நன்று, இலைகள் சற்றுத் தடிப்பு, சான்றிதழ் தபாலில். அவள் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னாள். பிறகு கையைக் கழுவாமலே வேலியடிக்குப் போய், முன்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். நான் வற்றலை ஊறப்போட்டேன். பதில் வந்தது ஆவணி முதல் வெள்ளிக்கிழமை.